கண்ணன் பாதம் பதிக்கும் சின்னக் கைகள்

மைசூரு என்றதும் தசராவும் பட்டும் சந்தனமும் நினைவுக்கு வரும். கைவிரலோடும் இந்த நகருக்கு ஓர் உறவு உண்டு. தேர்தலில் வாக்காளர் விரலில் வைக்கும் அழியாத மை, இங்குள்ள மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் தொழிற்சாலையில்தான் தயாராகிறது. 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1962 பொதுத் தேர்தலிலிருந்து இந்த மையைச் செய்து தருகிறது.

அது பெரியவர்களின் விரலுக்கு. இதே ஊரில் குழந்தைகளின் கை பதிக்கும் அடையாளம் ஒன்றும் உண்டு. அது அழியாத மையால் அல்ல. மறுநாளே அழிந்துவிடும் அரிசி மாவால். கோகுலாஷ்டமி அன்று வாசலிலிருந்து பூஜை அறைவரை போடும் கண்ணன் பாதம்தான் அது!

யது குலத்தில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட உடையார்கள் ஆண்ட ஊர் இது. அரண்மனைக் கோட்டைக்குள் உள்ள பிரசன்ன கிருஷ்ணசுவாமி கோயிலை 1829-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டி முடித்தார். இங்கே தமிழர் வீட்டிலும் கன்னடர் வீட்டிலும் கண்ணன் பிறந்தநாள் கொண்டாட்டம்தான்.

ஒட்டும் பாதம்

ஆனால் இப்போது கடைகளில் பாதம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வந்துவிட்டன. ஐந்து நிமிடத்தில் ஒட்டி முடித்துவிடலாம். வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒட்டும் பாதம் எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. அதில் குழந்தைக்கு வேலையே இல்லை.

ஊரில் இருந்தால் பாட்டி சொல்லித் தருவார். பிழைப்புக்காக வந்த ஊரில் பாட்டி பக்கத்தில் இல்லை. ஒரு தலைமுறை சொல்லித் தராவிட்டால், அடுத்த தலைமுறைக்கு மாவுப் பாதம் என்றால் என்னவென்றே தெரியாது அல்லவா?

செய்வது எப்படி?

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, இழைக்கோல மாவுப் பதத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். அகலமான தட்டில் மெல்லிய துணியை மடித்துப் போட்டு அதில் மாவை ஊற்றினால், கையில் அளவாக ஒட்டும்.

குழந்தை கையை மூடிக்கொள்ளட்டும். சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தொட்டுத் தரையில் அழுத்தினால் உள்ளங்கால் வந்துவிடும். முன்புறம் விரல் நுனியால் ஐந்து புள்ளிகள். கட்டை விரலுக்கு மட்டும் பெரிய புள்ளி. அது உட்பக்கம் வர வேண்டும். இடது கை இடது பாதம். வலது கை வலது பாதம்.

கண்ணன் உள்ளே வருகிறான். ஆகவே விரல்கள் பூஜை அறையை நோக்க வேண்டும். வாசலில் தொடங்கினால் போட்ட பாதத்தைக் குழந்தையே மிதித்துவிடும். பூஜை அறையில் தொடங்கி, அதைப் பார்த்தபடியே வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து வந்தால் ஒன்றும் கலையாது.

பழைய வீடுகளின் சிவப்புத் தரையில் வெள்ளை மாவு பளிச்சென்று தெரியும். வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்டில் தெரியாது. அங்கே மாவில் சிறிது மஞ்சள் தூள் கலக்கலாம். சிவப்பு வருவதற்காகச் சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது. பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். குழந்தை எப்படியும் கையை வாயில் வைக்கும். ஆகவே சமையலறையில் உள்ள பொருளே போதும், சாயம் வேண்டாம்.

கருப்பு அட்டை ஒன்றில் ஒரு ஜோடிப் பாதமும், பக்கத்தில் விரித்த கையும் பதித்து, தேதி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதன் பக்கத்திலேயே இன்னொன்று. குழந்தை வளர்ந்த கதையை அந்த அட்டை சொல்லும்.

பழைய விளையாட்டு

ஈரமான இடத்தில் கை வைத்துப் பார்ப்பது மனித குலத்தின் பழைய விளையாட்டு. திபெத்தில் குவேசாங் என்ற இடத்தில், வெந்நீர் ஊற்றருகே இளகியிருந்து பின்னர் கல்லாக இறுகிய படிவில், கைத்தடங்களும் கால்தடங்களும் கண்டெடுக்கப்பட்டன. அவை 1,69,000 முதல் 2,26,000 ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் பதித்தவையாகத் தோன்றுவதாக 2021-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

பயன் விளையாட்டோடு முடிவதில்லை. கையை மூடுவது, அளவாக அழுத்துவது, ஒரு விரலை மட்டும் நீட்டிப் புள்ளி வைப்பது: பென்சில் பிடிக்கப்போகும் கைக்கு இவையெல்லாம் நல்ல பயிற்சி. இடது எது, வலது எது என்பதும் விளையாட்டாகவே பதிந்துவிடும்.

ஒரு பாதம் கோணலாக விழும். இன்னொன்றில் ஆறு விரல் இருக்கும்! திருத்த வேண்டாம். வெண்ணெய் திருடிவிட்டு ஓடிவரும் குழந்தையின் கால் நேராகவா பதியும்?

மறுநாள் காலை மாவை எறும்பு தின்றிருக்கும். மிச்சத்தைத் தண்ணீர் துடைத்துவிடும். ஆனால் கண்ணனைத் தானே வீட்டுக்குள் அழைத்து வந்த நினைவு, அந்தக் குழந்தையின் மனத்திலிருந்து அழியாது. அதுதான் உண்மையான அழியாத மை!