வெள்ளைக் கழிச்சல் கிருமியின் மேலுறையும் தடுப்பு மருந்தின் வகைகளும்

கிராமங்களில் கோழி வளர்ப்போர் யாவரும் அஞ்சும் வியாதி வெள்ளைக் கழிச்சல். 1926-ஆம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்து தேசத்து நியூகாசில் நகரத்தருகிலும் இது கண்டறியப்பட்டது. இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் கண்ட நோயை 1928-ல் எட்வர்ட்ஸ் என்பவர் விவரித்தார். ஆதலால் இதற்கு இராணிக்கேத் நோய் என்ற பெயரும் வழங்கலாயிற்று. தடுப்பு மருந்து போட்டும் குஞ்சுகள் மடிந்தன என்று சிலர் குறை கூறுவதுண்டு. அதன் காரணங்களுள் ஒன்றைக் கிருமியின் அமைப்பிலேயே காணலாம்.

இந்நோயை உண்டாக்குவது வைரஸ் என்னும் அதிநுண்ணிய கிருமி. அதன் கொழுப்புறையின்மேல் இருவகைப் புரதங்கள் முட்களைப்போல் நிற்கின்றன. ஒன்று, கோழியின் உயிரணுவின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்வது. மற்றொன்று, கிருமியின் உறையை உயிரணுவின் உறையோடு இணைத்து வழி திறப்பது. இதனை இணைப்புப் புரதம் எனலாம்.

இணைப்புப் புரதம் 553 அமினோ அமிலங்கள் கோத்த சரமாக உண்டாகிறது. 116-ஆவதற்கும் 117-ஆவதற்கும் நடுவே ஒரு நொதி அதனை வெட்டினாலன்றி அது தொழிற்படாது. வீரியம் குறைந்த வகைகளில், பெரும்பாலும் மூச்சுப் பாதையிலும் குடலிலும் உள்ள நொதிகளே இதனை வெட்ட வல்லவை. ஆகவே கிருமி அவ்விடங்களோடு நின்றுவிடும். கொடிய வகைகளிலோ, வெட்டுமிடத்தில் ஆர்ஜினின், லைசின் என்னும் காரத்தன்மையுள்ள அமிலங்கள் நெருங்கியிருக்கின்றன. உடலெங்கும் உள்ள பியூரின் என்னும் நொதி அவற்றை எளிதில் வெட்டும். அதனால் கிருமி மூளை முதலிய உறுப்புகளிலும் பரவிக் கழுத்துத் திருகலும், இறக்கை முடக்கமும், மரணமும் விளைகின்றன.

தடுப்பு மருந்துகளிலும் இவ்வேற்றுமை உண்டு. லசோட்டா, எப் என்னும் வகைகள் வீரியம் குறைந்தவை. முதல் வாரத்திலேயே குஞ்சுகளின் கண்ணிலும் மூக்கிலும் சொட்டாக விடத்தக்கவை. முக்தேசுவரத்தில் உருவாக்கிய ஆர்2பி என்னும் வகை நடுத்தர வீரியமுடையது. அதன் வெட்டுமிடம் கொடிய வகையை ஒத்தது. எனவே எட்டு வாரம் நிரம்பிய கோழிகளுக்கே, அதுவும் முன்னர் சொட்டு மருந்து பெற்றவற்றிற்கே, அதனை ஊசி மூலம் போடுதல் வேண்டும். இளங்குஞ்சுகளுக்குப் போட்டால் மருந்தே நோயாய் முடியும்.

இம்மருந்துகளில் உயிருள்ள கிருமியே இருக்கிறது. அது கோழியின் உடலில் பெருகினால்தான், மேற்கூறிய இரு புரதங்களையும் எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் உண்டாகும். வெயிற்பட்ட மருந்து பயன் தராது. ஆகையால் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்து, கரைத்தவுடன் காலை வேளையில் போட்டுவிடுதல் நலம். நோய் கண்ட கோழிக்கு இது மருந்தாகாது.

ஒரு வீட்டார் மட்டும் போடுவதால் ஊர் காப்பாற்றப்படாது. கிராம அதிகாரிகள் நாள் குறித்து அறிவித்து, ஊர்க் கோழிகள் அனைத்திற்கும் ஒரே நாளில் போடுவிப்பதே தக்கது. மருந்தின் பெயரையும் கோழியின் வயதையும் ஒத்துப்பார்த்த பின்னரே சீசாவைத் திறக்க வேண்டும்.