ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர்?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை ஒட்டி இன்று கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக விளங்கும் நிலையம், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்ற பெயரில் சற்றுத் தள்ளி இயங்கிவந்த 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிக அதிகமான பிறப்புகள் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒருவர் உயரத்தைக் குறைக்கும் டர்னர் நோய்க்குறியுடன் பிறக்கிறார் என்னும் பொதுக் கணக்கை இந்த எண்ணோடு பொருத்திப் பார்த்தால், அவ்வாண்டு அங்கே பிறந்தவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு அக்கோளாறு இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய வளர்ச்சிக்கு உதவக்கூடிய ஹார்மோன் மருந்தை டர்னர் நோய்க்குறிக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது 1996இல். அப்போது அவர்களுக்கு வயது முப்பது, எலும்புகள் வளர்ந்து முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எலும்பு வளர்வதற்கென ஒரு காலம் இருக்கிறது. அது கடந்தபின் மருந்தால் பயனில்லை. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, 191 அமினோ அமிலங்களால் ஆன வளர்ச்சி ஹார்மோனை ஒரே சீராக அன்றி விட்டுவிட்டு, அதிலும் ஆழ்ந்து உறங்கும் வேளையில் மிகுதியாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 எனப்படும் மற்றொரு வளர்ச்சிக் காரணியை உண்டாக்க, இரண்டும் சேர்ந்து கை, கால்களின் நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்புப் பட்டைகளில், அதாவது வளர்தட்டுகளில், புதிய செல்களைப் பெருகச் செய்கின்றன. பருவமடைந்த சில ஆண்டுகளில் அத்தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. அதன்பின் எவ்வளவு ஊசி போட்டாலும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது.

பிள்ளைகள் குட்டையாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது பரம்பரை, தாமதமாகப் பருவமடையும் உடல்வாகு, ஊட்டக்குறைவு, நாள்பட்ட நோய் ஆகியவையே. ஹார்மோன் ஊசி தேவைப்படும் கோளாறுகள் அரியவை. சுரப்பியே போதிய ஹார்மோனைத் தராத குறைபாடு அவற்றுள் ஒன்று. கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸி சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்டது இதற்காகத்தான். சூரிக் நகர மருத்துவர்கள் 1956இல் விவரித்த பிரேடர்-வில்லி நோய்க்குறி இன்னொன்று. பதினைந்தாம் குரோமோசோமில் தந்தைவழி வரவேண்டிய ஒரு பகுதி செயல்படாமல் போவதால், பிறந்தபோது தசை துவண்டு பால் குடிக்கவே திணறும் குழந்தை, சில ஆண்டுகளில் அடங்காத பசியால் அளவுமீறிப் பருக்கத் தொடங்குகிறது. இக்குழந்தைகளுக்கு ஊசியால் கிடைக்கும் பெரிய நன்மை உயரம் என்பதைவிடத் தசைவலுவும் கொழுப்புக் குறைவும் என்றே சொல்ல வேண்டும். ஆனால் உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளதா என்று சோதித்த பிறகே அதைத் தொடங்குவார்கள்.

டர்னர் நோய்க்குறி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938இல் விவரித்த இக்கோளாறு பெண்களுக்கு மட்டுமே வருவது. அவர்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாமற்போவதே காரணம். அதில் தொலைந்துபோகும் மரபணுக்களுள் ஒன்று எலும்பு நீள்வதற்கு இன்றியமையாதது என்பதால், உடலில் ஹார்மோன் இருந்தும் எலும்பு அதற்கு மந்தமாகவே இணங்குகிறது. எனவே ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைக்குத் தருவதைவிடக் கூடுதலான அளவை இங்கே தருகிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இப்பெண்கள் தம் சமூகத்தின் சராசரிப் பெண்ணைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறைவாகவே நின்றுவிடுவர். கனடாவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் போடாதவர்களைவிடச் சராசரியாக 7 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தனர். கேட்பதற்கு இது சிறிய தொகையாகத் தோன்றலாம். பேருந்தின் கைப்பிடி எட்டுவதும் எட்டாததும் பல சமயம் அந்த ஏழில்தான் இருக்கிறது.

இம்மருந்தின் பழைய வரலாறு சற்றே அச்சமூட்டுவது. மாட்டின் இன்சுலின் மனிதருக்குப் பயன்பட்டதைப் போல விலங்குகளின் வளர்ச்சி ஹார்மோன் பயன்படாததால், பாஸ்டன் மருத்துவர் மாரிஸ் ரேபன் 1958இல் தாம் சிகிச்சை அளித்த சிறுவனைப் பற்றி எழுதியதிலிருந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள், இறந்த மனிதர்களின் பிட்யூட்டரி சுரப்பிகளிலிருந்தே அது பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு குழந்தையின் ஓராண்டுத் தேவைக்கே பல சுரப்பிகள் வேண்டியிருந்ததால், கடும் குறைபாடு உள்ளவர்களுக்குக்கூட அளந்தளந்துதான் கிடைத்தது. பிறகு 1985இல், அம்மருந்தைப் பெற்றிருந்த இளைஞர்கள் சிலர் மூளையை அரிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயால் இறந்தது தெரியவந்ததும் அமெரிக்காவில் அதன் விநியோகம் நின்றது. பிரான்சில் மட்டும் காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். அதே ஆண்டின் பிற்பகுதியில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி ஜெனென்டெக் நிறுவனம் தயாரித்த ஹார்மோன் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று சிங்கப்பூரிலும் சென்னையிலும் கிடைப்பவை ஆய்வுக்கூடத்தில் உருவாகும் இத்தகைய மருந்துகளே; அந்தப் பழைய தொற்று அபாயம் இவற்றில் இல்லை.

மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் இக்காலத்தில், நோயைக் காலத்தோடு கண்டுபிடிப்பதில்தான் குறை இருக்கிறது. சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் உயர வளைகோடுகள் அச்சிடப்பட்டுள்ளன. பள்ளிகளிலும் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. ஒரே வயதுடைய நூறு குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தினால் குட்டையான முனையிலிருந்து மூன்றாவது குழந்தை நிற்கும் இடமே மூன்றாம் விழுக்காட்டுக் கோடு. ஆனால் ஒரு நாளில் எடுத்த ஒற்றை அளவைவிட, ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தது என்பதே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வளரும் குழந்தை, நான்கு வயதிலிருந்து பருவமடையும்வரை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். கோட்டுக்கு மேலேயே இருந்தாலும் வேகம் தளர்ந்துகொண்டே போனால் அதைக் கவனிக்க வேண்டும். பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள்: இருவரின் உயரத்தையும் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்தும் மகளுக்கு 13 கழித்தும் பாதியாக்கினால் எதிர்பார்க்கத்தக்க உயரம் ஏறத்தாழத் தெரியும். தந்தை 170, தாய் 155 சென்டிமீட்டர் என்றால் மகனுக்கு 169, மகளுக்கு 156 என வரும். இதைவிட வெகுவாகக் கீழே செல்லும் வளைகோட்டைப் பரம்பரையின் மேல் போட்டுவிட முடியாது.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களின் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். மகன் குட்டையாக இருந்தால் சத்துமாவு, பால்பவுடர், கம்பியில் தொங்கும் பயிற்சி என்று வீடே பரபரக்கிறது. மகள் குட்டையாக இருந்தால் பாட்டியின் வாகு என்று பேச்சு முடிந்துவிடுகிறது. உயரக்குறைவுக்காகச் சிறப்பு மருத்துவரிடம் ஆண் குழந்தைகளே கூடுதலாக அனுப்பப்படுகின்றனர் என்பதை அமெரிக்க ஆய்வுகளும் காட்டியுள்ளன. பெண்களை மட்டுமே தாக்கும் டர்னர் நோய்க்குறியைப் பொறுத்தவரை இதைவிடக் கேடான வழக்கம் இருக்க முடியாது. சில குழந்தைகளுக்குப் பிறந்தபோதே கைகால் வீக்கமும் கழுத்தின் இருபுறமும் தோல்மடிப்பும் காணப்படும். பலருக்கோ உயரக்குறைவைத் தவிர வெளிப்படையான அடையாளமே இராது. அவர்களுக்கு இதயத்திலும் சிறுநீரகத்திலும் மறைந்திருக்கும் குறைகளைச் சோதித்தறிய வேண்டியிருப்பதாலும், சினைப்பை செயல்படாதபோது பூப்பெய்த ஈஸ்ட்ரோஜன் தர வேண்டியிருப்பதாலும், தாமதத்தின் விலை உயரத்தோடு முடிவதில்லை.

சோதனைகள் சில வாரங்கள் நீளக்கூடும். இடது கையின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு எலும்பின் வயது கணிக்கப்படுகிறது. பெண் குழந்தையாயின் இரத்தத்தில் குரோமோசோம்கள் எண்ணப்படுகின்றன. ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால் ஒருமுறை எடுக்கும் இரத்தம் எதையும் உறுதிப்படுத்தாது. ஆகவே வெறும் வயிற்றில் வரும் குழந்தைக்குச் சுரப்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்து, சில மணிநேரத்துக்கு இடைவெளி விட்டு விட்டு இரத்தம் எடுக்கிறார்கள்.

சிகிச்சை தொடங்கிய பின் அது வீட்டு வேலையாகிவிடுகிறது. ஒவ்வோர் இரவும் உறங்குமுன் பேனா வடிவிலான ஊசியால் தொடையிலோ பிட்டத்திலோ வயிற்றிலோ தோலுக்கடியில், தினமும் இடம் மாற்றி மருந்தைச் செலுத்த வேண்டும். 20 கிலோ எடையுள்ள ஹார்மோன் குறைபாட்டுக் குழந்தைக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் போதும். மருந்துகள் பெரும்பாலும் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டியவை. உறைந்துவிட்டால் கெட்டுவிடும் என்பதால் உறைபகுதிக்கு அருகில் வைக்கக் கூடாது. விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் குடும்பம் குளிர்பையோடும் மருத்துவரின் கடிதத்தோடும் விமானம் ஏறுகிறது. கடும் தலைவலி, பார்வை மங்கல், நொண்டி நடத்தல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை போடும் ஊசிக்கு அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் கிடைத்துள்ளது.

எடை கூடக்கூட மருந்தளவும், அதனோடு செலவும் ஏறும். சிங்கப்பூர் 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதியம், நன்கொடையாக வரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு மூன்று வெள்ளி சேர்க்கும் நல்ல ஏற்பாடு. ஆயினும் அது தொடக்கத்தில் ஏற்ற ஐந்து மருந்துகளில் வளர்ச்சி ஹார்மோன் இல்லை. ஆகவே பெற்றோர் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைக் கண்டு, மெடிஃபண்ட் என்னும் அரசு உதவி நிதி உள்ளிட்ட உதவிகளுக்குத் தாம் தகுதி பெறுகிறோமா என்று கேட்பது நல்லது. வேலை அனுமதியில் வந்து வாழும் குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனை மானியம் கிடையாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையோ, ஹார்மோன் குறைபாடு, டர்னர், பிரேடர்-வில்லி ஆகியவற்றுக்கான இச்சிகிச்சையைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நோயேதும் இல்லாத குட்டைப் பிள்ளைகளுக்கும் இதைத் தர அமெரிக்கா 2003இல் இடம் கொடுத்தது. பல ஆண்டு ஊசிக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைப்பது சில சென்டிமீட்டரே என்பதால், ஆரோக்கியமான பிள்ளையை இரவுதோறும் குத்துவதற்கு அது போதிய காரணம் ஆகாது. பெற்றோர் செய்ய வேண்டியது எளிது: சுகாதாரக் கையேட்டை எடுத்துப் பாருங்கள்; நான்கு வயதைக் கடந்த பிள்ளை கடந்த ஓராண்டில் 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்திருந்தால், மகனாயினும் மகளாயினும் அதைப் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள், மகளாயின் குரோமோசோம் சோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.