அண்ணனுக்கு நிச்சயித்த பெண்ணை மணக்கக் கேட்டார் தம்பி!
கையை இழந்த ரொட்டிக்கடைக்காரரின் காதல் கதை

அண்ணனுக்கு நிச்சயமான பெண்ணைத் தம்பி விரும்பினால் அடிதடி, போலீஸ், கோர்ட்டு என்றுதான் போகும். ஆனால் 1987-ல் வெளியான 'மூன்ஸ்ட்ரக்' என்ற அமெரிக்கப் படத்தில் நடந்ததே வேறு!

நியூயார்க் நகரம், புரூக்ளின். ரோனி அங்கே ரொட்டி சுடுகிறவர். ஒருநாள் அண்ணன் ஜானி கடைக்கு வந்து ரொட்டி கேட்டார். கவனம் சிதறியது, அறுக்கும் மெஷினில் ரோனியின் கை போச்சு! கட்டிக்க இருந்த பெண்ணும் விட்டுப் போனாள். எல்லாம் அண்ணனால் வந்தது என்று 5 வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

கணக்கு எழுதும் விதவை

ஜானி மணக்க இருந்த லொரெட்டா, கணக்கு எழுதிப் பிழைக்கும் விதவை. தாய் சாகக் கிடப்பதாக ஜானி சிசிலிக்குக் கிளம்பினார். போகும்போது தம்பியைக் கல்யாணத்துக்கு அழைக்கச் சொன்னார். வந்தது வினை! அழைக்கப்போன லொரெட்டா மனதைப் பறிகொடுத்தாள்.

பெண் வீட்டிலும் புகைச்சல். பிளம்பர் அப்பாவுக்கு வேறொருத்தியோடு தொடர்பு. அது அம்மாவுக்கும் தெரியும்.

மேஜையில் பஞ்சாயத்து

கடைசியில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் கூடினார்கள். அவளை விட்டுவிடு என்றாள் அம்மா, அப்பா சம்மதித்தார். தாய் பிழைத்துக்கொண்டாள், தான் கல்யாணம் செய்தால் செத்துப்போவாள் என்று ஜானி பின்வாங்கினார். உடனே அவர் மோதிரத்தையே கடன் வாங்கிப் பெண் கேட்டார் ரோனி!

ரோனியாக நடித்தவர் நிக்கோலஸ் கேஜ். லொரெட்டாவாக நடித்த ஷேருக்கு 1988-ல் ஆஸ்கர் கிடைத்தது.

ஏமாந்து நின்ற ஜானியை யாரும் விரட்டவில்லை. நீயும் இனி நம்ம குடும்பம்தான் என்று அவர் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தார் தாத்தா.