ஓடுபவரும் படிக்கும்படி...

அபக்கூக்கு இறைவாக்கினருக்கு ஆண்டவர் ஒரு கட்டளை தந்தார். கண்ட காட்சியை, ஓடுகிறவரும் எளிதாகப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக எழுதவேண்டும் என்பதே அது (அபக்கூக்கு 2:2). செய்தி எவ்வளவு உயர்ந்ததாயினும், படிக்க முடியாவிட்டால் அது மக்களைச் சென்றடைவதில்லை.

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால், 2002ஆம் ஆண்டின் உலக சமூகத்தொடர்பு நாள் செய்தியில், இணையத்தை நற்செய்தி அறிவிப்பின் புதிய களம் என்று அழைத்தார். இன்று நம் பங்குகள் பலவற்றிற்கும் இணையதளம் உண்டு. திருப்பலி நேரங்களும் மரண அறிவிப்புகளும் அதில் வருகின்றன. ஆனால் யாருடைய கண்களுக்காக நாம் அவற்றை எழுதுகிறோம்?

நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணின் வில்லை நெகிழ்வை இழக்கிறது. இதையே நாம் வெள்ளெழுத்து என்கிறோம். பின்னர் கண்புரையும் சேர்ந்தால், வெண்ணிறப் பின்னணியில் சாம்பல்நிற எழுத்து மங்கி மறைந்துவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் ஒரு சிறு சுழிதான் வேறுபாடு. எழுத்து சிறுத்தால் அச்சுழியும், மெய்யெழுத்தின் புள்ளியும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் பக்கத்தில் எதுவும் விடுபடக் கூடாது. உலாவிகள் பொதுவாகத் தரும் 16 பிக்சல் அளவை நாமாகக் குறைக்காதிருப்பது நல்லது. தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடவேண்டும். அறிவிப்பைப் படமாக மட்டும் வெளியிட்டால், பெரிதாக்கும்போது அது மங்கலாகலாம். பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் தடுமாறும்.

படிப்பவர்களுக்கும் ஒரு சிறு வழி: கணினியில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் பக்கம் பெரிதாகும்.

பார்வையற்றவர் முன் இடறலை வைப்பதை லேவியர் நூல் தடைசெய்கிறது (19:14). அழகுக்காக நாம் சுருக்கும் எழுத்தும் அத்தகைய இடறல் ஆகலாம். முதியோர் குறைசொல்வதில்லை, படிக்க முடியாதபோது அமைதியாக விலகிவிடுகிறார்கள். திருப்பலி நேரம் மாறியது தெரியாமல், பூட்டிய ஆலயத்தின் முன் வந்து நிற்கவும் நேரலாம்.

இந்த வாரம், நம் வீட்டின் மூத்தவரிடம் பங்கின் இணையப் பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வோம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்குவோம்.