கூரையும் யாக்கையும் கைப்பொருளும்

ஐம்பது வயதை அணுகும் இல்லறத்தானின் வாயிலில் மூன்று கடன்காரர் ஒரே காலத்தில் வந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். முதலாமவர் மெய்யாகவே பொருள் கொடுத்தவர். இரண்டாமவர் அவன் உடம்பு. மூன்றாமவர் அவன் குடியிருக்கும் வீடு. மக்களின் படிப்பும் திருமணமும் ஒருபுறம் நெருக்க, இம்மூவரும் ஒருங்கே வந்து கைநீட்டுவதை ஊழென்பார் சிலர். கண்ணேறு என்பார் சிலர். யாமும் சிலகாலம் அவ்வாறே எண்ணி வருந்தினோம். அஃது ஊழன்று, வெறுங்கணக்கே என்பதை எமக்குத் தெளிவித்தவை இரண்டு: ஒன்று, கள்ளக்குறிச்சியில் உள்ள எமது வீட்டின் தளம், மற்றொன்று, கல்வராயன் மலையில் யாம் கண்ட ஒரு புல்வேய்ந்த கூரை.

இம்மலரைப் படிக்கும் மாணவருட் பெரும்பாலோர் இருபது வயதினர். நடுவயதினர் கவலை நமக்கெதற்கு என்று அவர்கள் ஏட்டைப் புரட்டிவிடக்கூடும். எனினும், கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டும் என்று அவர்கள் தொலைபேசியிற் சொல்லும்போது, மறுமுனையில் ஒரு கணம் பேச்சற்றிருக்கும் தந்தையாரைப் பற்றியதே இக்கட்டுரை. பழைய மாணவர்க்கோ நாம் எதுவும் விளக்க வேண்டுவதில்லை.

யாம் வீடு கட்டியது 1997 ஆம் ஆண்டில். அப்போது எமக்கு வயது 29. மூன்று இலட்சம் ரூபாயில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும் கொண்ட தளம் போட்ட வீடு. ஓட்டு வீட்டிற் பிறந்து வளர்ந்த எமக்கு, கான்கிரீட்டுத் தளம் என்பது என்றும் அழியாத பொருளாகத் தோன்றிற்று. ஆண்டுதோறும் ஓடு மாற்றும் தொல்லை ஒழிந்தது என்று எம் தந்தையாரும் மகிழ்ந்தார். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் அத்தளத்தை யாம் ஏறிட்டும் பார்த்திலோம். வடகம் காயவைக்கவும் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தவுமே மேலேறினோம். 2023 ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், நள்ளிரவில், கட்டிலுக்கு ஒரு முழம் அப்பால், முறம் அளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தால், கம்பிகள் செம்மண் நிறத்தில் வெளியே தெரிந்தன.

மறுநாள் வந்த கொத்தனார், "ஐயா, இது நேற்று வந்த நோய் அன்று; பத்து வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது" என்றார். அவர் சொல்லியது சரியே. கான்கிரீட்டின் உள்ளே கம்பி துருப்பிடியாமல் இருப்பதற்குக் காரணம், சிமெண்டில் இயல்பாக உள்ள காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்குச் சிறிது சிறிதாக உட்புகுந்து அக்காரத்தை அழிக்கும். அவ்வழிவு கம்பியைத் தொட்டபின், மேலிருந்து கசியும் நீர் துருவைத் தொடங்கி வைக்கும். துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இருமடங்கிற்கும் மேலாக இடம் கொள்வது. ஆதலின் அது தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். பூச்சு உதிர்வது நோயின் தொடக்கமன்று. நெடுநாள் நடந்ததன் வெளிப்பாடு. மேற்றளத்தில் தட்டோடுகளின் இணைப்பு வாய்களைச் சில ஆண்டுகட்கு ஒருமுறை பூசி, நீர் வடியும் குழாய் வாயில் அரசங்கன்று முளைக்காமற் பார்த்துக்கொண்டிருந்தால், இந்நிலை இன்னும் பல்லாண்டு தள்ளிப்போயிருக்கும். கட்டிய விலையில் நூற்றுக்கு ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒதுக்குக என்பது வீட்டுக்கணக்கில் வழங்கும் ஒரு பொதுவிதி. எம் வீட்டிற்கு அது மாதம் 250 ரூபாய். அந்த 250 ரூபாயை யாம் ஒருமாதமும் ஒதுக்கவில்லை. கொத்தனார் இப்போது கேட்டது 1,60,000 ரூபாய்.

அதே மாதத்தில், காற்புண் ஒன்று ஆறவில்லை என்று டாக்டரிடம் சென்ற எமக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியவந்தது. "எத்தனை நாளாக இருக்கும்?" என்று கேட்டோம். "சில வருஷங்கள் ஆகியிருக்கும், நீங்கள் பரிசோதித்துக்கொள்ளவில்லை" என்றார் அவர். கொத்தனாரும் டாக்டரும் ஒருவர்க்கொருவர் பேசி வைத்துக்கொண்டனரோ என்று ஐயுற்றோம். 2023 ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் பத்துக்கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டென்று கணித்தது. இதுவும் துருவைப் போன்றதே. வலியில்லை, வீக்கமில்லை, குருதிக் குழாய்களிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆயின் உடம்புக்கும் தளத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. பெயர்ந்த தளத்தைப் பணங்கொடுத்து மீளப் போடலாம்.

இந்நோயை முன்கூட்டித் தடுக்கலாகுமா என்பதைச் சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சர்க்கரை எல்லையை நெருங்கிநின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு சாரார்க்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும், ஒரு சாரார்க்கு மாத்திரையும், ஒரு சாரார்க்கு இரண்டும் அளித்தனர். எஞ்சியோர்க்கு வழக்கமான அறிவுரை மட்டுமே. ஏறத்தாழ மூன்றாண்டுகளின் பின், நடையும் உணவும் பேணியோரிடை நோய் வருதல் நூற்றுக்கு 28 பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தது. மாத்திரை உண்டோரிடைக் குறைவு 26 பங்கிற்குச் சற்று மேல். இரண்டையும் கொண்டோர்க்குத் தனிப்பயன் கூடவில்லை. காசில்லா நடை மாத்திரைக்குச் சற்றும் இளைத்ததன்று என்பது இதனாற் பெறப்படும். வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்த நடை போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தை விட உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசியிருப்பதன் பொருத்தம், ஐம்பத்தைந்தாம் வயதிலேதான் எமக்கு விளங்கிற்று. பள்ளியில் அதனை மனப்பாடம் செய்து பரிசு பெற்றோம்.

மூன்றாவது கடன்காரர்க்கு வருவோம். மகள் திருமணத்தின்போது இரண்டு இலட்சம் ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தோம். இரண்டு ரூபாய் வட்டி என்று சொல்லும்போது சிறிதாகத் தோன்றுகிறது. ஆண்டிற்கு நூற்றுக்கு 24 என்று சொன்னால் நெஞ்சு திடுக்கிடும். அசலிற் குறையாமல் ஆண்டுக்கு 48,000 ரூபாய் வட்டிக்கே போயிற்று. வட்டியையும் கட்டாது விட்டால் இக்கடன் ஏறக்குறைய மூன்றாண்டில் இரட்டிக்கும்.

இந்நிலையில் எமது ஆயுள் காப்பீடு முதிர்ந்து 4,50,000 ரூபாய் கைக்கு வந்தது. வந்த செய்தி ஊர்முழுதும் பரவிற்று. எம் மைத்துனர், "மாமா, தொகையைத் தொடாமல் பாங்கில் போட்டுவிடுங்கள், நூற்றுக்கு ஏழு கிடைக்கும்" என்றார். எம் மனைவியார் மாடியறை ஒன்று எழுப்பவேண்டும் என்றார்; அதன் மதிப்பு 11 இலட்சம், எஞ்சியது கடனாக வேண்டும். உறவினர் ஒருவர், தளம் எப்படியிருப்பினும் வாயிலுக்குச் சித்திரவேலை செய்த தேக்கங்கதவு வேண்டும் என்றார். எம்மூர் மரச்சிற்பம் 2021 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அக்கதவுகளின் அழகை யாம் மறுப்போமல்லோம். ஆனால் கதவு பார்க்க வருவோர் கூடத்தில் அண்ணாந்து பார்ப்பரே!

முடிவு செய்ய இயலாமல் இருந்த அந்நாளில், ஒரு நண்பர் அழைக்க, மலைக்குச் சென்றோம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து பேருந்து மேலேறி வெள்ளிமலை சேரும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இக்கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பது அப்பெயரின் பொருள், கேரளத்தாரோடு மயங்கலாகாது. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் பழைய பயிர்கள். நண்பர்க்கு அறிமுகமான ஒரு பெரியவர், அறுபதைக் கடந்தவர், தம் வீட்டுக் கூரைமேல் அமர்ந்து புல் மாற்றிக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவியார் மூங்கில் தட்டிச் சுவரின் வெடிப்புகளை மண் குழைத்து மெழுகிக்கொண்டிருந்தார். "பெரியவரே, கூரை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிரிக்கிறீர்?" என்றோம். "நன்றாக இருக்கும்போது பார்த்தால் மூன்று நாள் வேலை, ஐயா, ஒழுகினபின் பார்த்தால் வீடே வேலை" என்று கூறிவிட்டு அவர் அடுத்த கற்றையைக் கேட்டார்.

அவர்க்கு அது சாதாரணச் சொல். எமக்கோ கணக்கு முழுதும் அங்கே திறந்தது. அவர் வீடு ஆண்டுதோறும் சிறுகூலி கேட்கும் வீடு. அக்கூலியும் பெரும்பாலும் உடலுழைப்பே, அவ்வுழைப்பே அவர்க்கு மருந்து. எம் வீடோ இருபத்தைந்து ஆண்டு வாய்மூடியிருந்து, ஒருநாள் மொத்தமாகக் கேட்பது. அது கேட்கும் நாளும், இருக்கையிலமர்ந்து கழித்த உடம்பு கேட்கும் நாளும் ஒன்றாக வருவதற்குக் காரணம், இரண்டையும் முப்பதாம் வயதளவில் ஒன்றாகவே கவனியாது விடத் தொடங்கினோம் என்பதன்றி வேறில்லை.

நிற்க. மலைவாழ்வே சிறந்தது என்று யாம் பாடவந்தோமல்லோம். சமவெளியிலிருந்து ஒருநாள் சென்று வருவோர்க்குப் புற்கூரை அழகு. அதன்கீழ் மழைக்காலம் கழிப்போர்க்குப் பாம்பும் தீயும் ஈரமும் உண்டு. இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1976 ஆம் ஆண்டிலேதான் விடுபட்டது. சேமிப்பு என்பதற்கே இடமில்லாத தலைமுறைகள் பல அங்கு வாழ்ந்து மறைந்தன. இன்று அவர்கள் தளவீடு விரும்புவது முற்றிலும் நியாயமே. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கனவு இல்லத் திட்டம், குடிசையில் வாழ்வோர்க்கு வீடொன்றிற்கு மூன்றரை இலட்சம் ரூபாய் அளிப்பது. எமது அச்சம் ஒன்றே: தளவீட்டோடு, ஆண்டுதோறும் கூரை பார்க்கும் அப்பழக்கமும் கைவிடப்படுமாயின், அப்பெரியவரின் பேரனும் ஐம்பதாம் வயதில் எம்மைப்போல அண்ணாந்து நிற்பான்.

கள்ளக்குறிச்சியார் ஒருவர் உடம்பையும் குடும்பச் செலவையும் பற்றி எழுதிவிட்டு, 2024 ஜூன் மாதத்தைச் சொல்லாது விடல் நேர்மையன்று. கருணாபுரத்திலும் அதனையடுத்தும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்தோர். கைக்கும் நாவிற்கும் அண்மையில் மலிவாகக் கிடைத்தது, உடல்நோவை ஓரிரவு மறக்கச் செய்தது, அவ்வளவே அவர்கள் கண்டது. சிறுவங்கூரில் 2022 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அருகிருந்தும் அவருட் பலரைக் காக்க இயலவில்லை. அத்தெருக்களிற் கூரையும் கடனும் இன்றைக்கும் பெண்களின் தலைமேல் நிற்கின்றன. எம் கவலைகளெல்லாம் அவர்முன் எம்மாத்திரம்!

மலையிலிருந்து திரும்பிய அன்றிரவு யாமும் மனைவியாரும் ஒரு தாளில் கணக்கெழுதினோம். முதலில் இரண்டு இலட்சம் கடனை அடைப்பது. மைத்துனர் சொற்படி முழுத்தொகையையும் பாங்கில் இட்டாலும் ஆண்டிற்கு 31,500 ரூபாயே வரும். இரண்டு இலட்சத்திற்குக் கட்டும் வட்டியோ 48,000. இதனை எழுதிக் காட்டியபின் மைத்துனர் பேசவில்லை. அடுத்து, தளத்திற்கு 1,60,000: துருவேறிய இடங்களைக் கொத்தித் தேய்த்துச் செப்பனிடவும், தட்டோட்டை மீளப் பதிக்கவும். பின்னர், குளியலறைக்கு 40,000. வழுக்காத கல்லும், பிடித்தெழக் கம்பியும், நல்ல விளக்கும். இதனைக் கேட்டவர் எம் மனைவியாரே; மூட்டுவலியோடு நான்கு ஆண்டுகள் அவ்வழுக்குத் தரையில் நடந்தவர் அவர். அதனை அவர் முன்னர்ச் சொல்லவில்லை என்பதும், யாம் கேட்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தன. எஞ்சிய 50,000 ரூபாய், திடீரென வரும் மருத்துவச் செலவிற்கென்று பாங்கிற் போய்ச் சேர்ந்தது. வட்டிக்குப் போன மாதம் 4,000 ரூபாயில் ஆயிரம் வீட்டிற்கு, ஆயிரம் பரிசோதனைக்கும் மருந்திற்கும், மிகுதி சேமிப்பிற்கு என்று பங்கிட்டோம். வேலைநாள் ஐந்திலும் அலுவலகத்திற்கு அரைமணி நடந்தே செல்கிறோம். 150 நிமிடம் அதிலேயே நிறைந்துவிடுகிறது. காலையில் இட்டிலி ஏழு நான்காயிற்று. இது நடையை விடக் கடினம்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறந்தவுடன் மேற்றளத்தில் ஏறி, நீர்க்குழாய் வாயைத் துழாவி, தட்டோட்டின் இடுக்குகளை விரலால் தடவிப் பார்க்கிறோம். அவ்வாரமே குருதிப் பரிசோதனையும். மாடியறைக்கென்று 1997 இல் தூண்களின் தலையில் நீட்டிவிட்ட கம்பிகள் துருவேறி வானை நோக்கி நின்றன. துரு அவற்றின் வழியே கீழிறங்கும் என்று கொத்தனார் எச்சரித்தார். அறுத்துவிடலாமா என்றதற்கு மனைவியார் உடன்படவில்லை. ஆகவே தேய்த்துச் சிமெண்டுப்பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைத்திருக்கிறோம். மாடியறைப் பேச்சு இன்னும் முடியவில்லை.