மூன்று மணிக்காகக் காத்திருக்கும் எல்லை

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் அது அரசின் தொழில். இரண்டுக்கும் நடுவே டிக்கெட்டே இல்லாத ஒரு சூதாட்டம் கூலிக்காரர்களின் பையைக் காலி செய்கிறது.

கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்களுக்குக் கேரளம் வந்துவிட்டது என்று அறிவிக்க மலையாளப் பலகை தேவையில்லை. வாளையாறைத் தாண்டியதும் கண்ணில் படும் லாட்டரிக் கடைகளே போதும். பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம், மீனாட்சிபுரம், தேனிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலையும் சமவெளியுமாக நீளும் எல்லையில் தமிழ்ப் பணத்துக்காகவே காத்திருக்கும் வியாபாரம் இது. லாரி ஓட்டுநர்கள், ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் கூலிப் பெண்கள், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் என்று வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது 2023 செப்டம்பர் 20ஆம் தேதி. அன்று குலுக்கிய திருவோணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாறில் உள்ள கடையில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. 500 ரூபாய் டிக்கெட்டைக் கூட்டாக வாங்கியவர்கள் திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். ஏஜென்டின் 10 சதவீதக் கமிஷன், 30 சதவீத வருமான வரி போக மிஞ்சியது 15 கோடியே 75 லட்சம். அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. இருந்தும் என்ன? கோவை முதல் கரூர் வரை டீக்கடைகளில் பேசப்பட்டது 25 கோடிதான். அந்தக் குலுக்கலில் 75 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றதை, அதாவது முதல் பரிசுக்கான வாய்ப்பு 75 லட்சத்தில் ஒன்று என்பதை, யாரும் பேசவில்லை.

ஒரு காலத்தில் இரு மாநிலங்களும் ஒரே பாதையில்தான் நடந்தன. 1967இல் தனியார் லாட்டரிகளைத் தடை செய்த கேரளம், தானே ஒரு லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26இல் நடந்தது. டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50 ஆயிரம். அதே ஆண்டு அண்ணா ஆட்சியில் தமிழ்நாடும் பரிசுச் சீட்டு விற்றது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற கோஷம் இன்றும் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் நிலைமை கைமீறியது. வெளிமாநிலங்களின் பெயரில் டிக்கெட்டுகள் குவிந்தன. ஒரே இலக்கத்தைப் பந்தயம் கட்டும் ‘ஒரு நம்பர்’ லாட்டரி தெருவுக்குத் தெரு நடந்தது. 1998இல் மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தருவதைத் தடை செய்தது. பிற மாநில லாட்டரிகளைத் தடுக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்குத் தந்தது. ஆனால் தன் லாட்டரியை வைத்துக்கொண்டு அடுத்தவன் லாட்டரியை மட்டும் விரட்ட முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை விதித்தபோது தமிழ்நாட்டின் சொந்த லாட்டரியும் சேர்ந்தே மூடப்பட்டது. அன்றிலிருந்துதான் வாளையாறும் குமுளியும் லாட்டரிச் சந்தைகளாகப் பெருத்தன.

எல்லை தாண்டிப் போய் டிக்கெட் வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. அதை இங்கே கொண்டுவந்து விற்பதுதான் குற்றம். இரண்டு ஆண்டுவரை கடுங்காவல், ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. ஆனால் இன்று பிடிபடுகிறவர்களில் பலரிடம் டிக்கெட்டே இருப்பதில்லை. இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, அல்லது செல்போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி.

இதுதான் ‘மூணு நம்பர்’. கேரளத்தில் இதற்கு ‘எழுத்து லாட்டரி’ என்று பெயர். அங்கும் இது குற்றமே. முறை மிகச் சுலபம். கேரள அரசின் அன்றாடக் குலுக்கல் திருவனந்தபுரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கிறது. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஏஜென்டிடம் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். கடைசி ஒன்று, கடைசி இரண்டு இலக்கங்களுக்கும் தனித்தனியே கட்டலாம். கனவில் வந்த எண், எதிரே போன பஸ்ஸின் எண், போன வார முடிவுகளை வைத்துப் போடும் ‘கெஸ்ஸிங்’ கணக்கு எல்லாம் இதற்கு உதவும் என்பது நம்பிக்கை. முடிவு வந்த சில நிமிடங்களில் யாருக்கு விழுந்தது என்பது செல்போனில் தெரிந்துவிடும்.

இங்கேதான் விசித்திரம். இந்தச் சூதாட்டத்தை நடத்துகிறவருக்குக் குலுக்கல் இயந்திரம் வேண்டாம், அச்சகம் வேண்டாம், நடுவர்கள் வேண்டாம். அத்தனையையும் கேரள அரசு தன் செலவில் செய்து தருகிறது. அரசாங்கம் பகிரங்கமாகக் குலுக்கிய எண் என்பதால் மோசடி என்ற சந்தேகமே எழுவதில்லை. அரசின் நாணயம்தான் சூதாட்டக்காரரின் முதலீடு.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. பம்பாயின் மட்கா ஆரம்பத்தில் இப்படித்தான் நடந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து தந்தியில் வரும் விலைப்புள்ளிகள்மீது பந்தயம் கட்டினார்கள். 1961இல் அந்த வழி அடைபட்டதும் சீட்டெடுத்து எண்களை அறிவிக்கும் முறைக்கு மாறினார்கள். அடுத்தவர் வெளியிடும் எண்ணில் சவாரி செய்வது சூதாட்டத்தின் பழைய தந்திரம்.

லாபம் யாருக்கு என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். பத்து ரூபாய்க்கு ஐயாயிரம் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணில் பத்து ரூபாய் கட்டினால் வசூல் பத்தாயிரம், விழுவது ஒருவருக்கு, கொடுப்பது ஐயாயிரம். பாதிப் பணம் அங்கேயே தங்கிவிடுகிறது. வரி இல்லை, கணக்கு இல்லை. தினமும் 50 ரூபாய் கட்டும் ஒரு தோட்டத் தொழிலாளி ஆண்டுக்குக் கட்டுவது 18,250 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் அதில் பாதி திரும்பி வராது. வருகிற பாதியும் அநேகமாக அடுத்த நாள் எண்ணுக்கே போய்விடும்.

போவது பணம் மட்டுமல்ல. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மூன்று பெண் குழந்தைகளுக்கும் மனைவிக்கும் நஞ்சு கொடுத்துத் தானும் இறந்தார். மூணு நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்ததைச் சொல்லும் வீடியோவை அவர் விட்டுச் சென்றிருந்தார். கேரள எல்லையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் விழுப்புரம். எண் பயணம் செய்யச் சோதனைச் சாவடி தேவையில்லை.

கேரளத்துக்கு லாட்டரியைக் கைவிடும் எண்ணம் இல்லை. ஆண்டு விற்பனை பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. விற்பனையை நம்பி வாழ்கிறவர்களில் மாற்றுத் திறனாளிகளும் முதியவர்களும் ஏராளம். கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் சிகிச்சைக்குப் போனது. ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தபோதும் 50 ரூபாய் டிக்கெட்டின் விலையை அரசு ஏற்றவில்லை.

தமிழ்நாடும் தடையை விலக்கப்போவதில்லை; விலக்க வேண்டும் என்று விழுப்புரத்துக்குப் பிறகு சொல்வதும் கடினம். ஆனால் டிக்கெட்டைத் தேடும் சட்டத்தால் எண்ணைப் பிடிக்க முடியவில்லை. பிடிபடுவது பெரும்பாலும் சீட்டு எழுதும் பையன்; வசூல் போய்ச் சேரும் இடம் வேறு. அந்த இடத்தைத் தேட வேண்டுமானால் பாலக்காடு, இடுக்கி போலீசும் கோவை, தேனி போலீசும் ஒரே கணக்கைச் சேர்ந்து பார்க்க வேண்டும். பணம் செல்போன் வழியாகக் கைமாறும் காலத்தில் தடயம் கிடைக்காது என்று சொல்லவும் முடியாது.

அதுவரை கூலிக்காரர்கள் ஒரு வித்தியாசத்தையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது. அரசு டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தால் முப்பது நாளைக்குள் நீட்டி உரிமையோடு கேட்கலாம். துண்டுச் சீட்டில் எழுதிய எண்ணுக்குப் பரிசு விழுந்து ஏஜென்ட் கைவிரித்தால் எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் போக முடியாது. கட்டியவரும் சட்டத்தின் கண்ணில் சூதாடியவர்தான். தோற்றால் பணம் போகும். ஜெயித்தாலும் கைக்கு வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.