முபுகு எந்த ஊர்? – கணினி அச்சும் நம் தமிழும்

ராபர்ட்சன்பேட்டையில் பல ஆண்டுகள் டி.டி.பி. தொழில் செய்தவன் நான். என் கையால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பிள்ளைகள் பல ஊர்களுக்குப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து வந்த மலர் ஒன்றில், சுரங்கத்தில் உழைத்து மறைந்த பெரியவர்களுக்கென ஒரு நினைவுப் பக்கம் வைத்தோம். ஒவ்வொரு பெயரின் கீழும் லைன் வீட்டு விலாசம். கடைசியில் ஆங்கில எழுத்தில் கே ஜி எஃப்.

அச்சுக்குப் போகும் முந்தின இரவு, எழுத்து சிறியதாக இருக்கிறதே என்று பக்கம் முழுவதற்கும் ஒரே பத்தி பாணியைக் கொடுத்துவிட்டேன். மறுபடி புரூஃப் பார்க்கவில்லை. புத்தகம் வந்தபோது, கே ஜி எஃப் என்று இருந்த இடமெல்லாம் 'முபுகு' என்று இருந்தது!

பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏம்பா, எங்கப்பா சாம்பியன் ரீஃப்ஸ்ல முப்பது வருஷம் கீழே இறங்கினவரு. முபுகுன்னு போட்டிருக்கியே, அது எந்த ஊருப்பா?"

"கம்ப்யூட்டர் தப்பும்மா" என்றேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளக்கவே இக்கட்டுரை.

பத்தி பாணி என்பது என்ன? எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, ஓரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு பெயரில் கட்டி வைப்பது. ஒரு சொடுக்கில் நூறு பத்திகளும் ஒரே உடை உடுத்திக்கொள்ளும். 1985-இல் வந்த பேஜ்மேக்கரும், 1999-இல் வந்த இன்டிசைனும் நமக்குத் தந்த பெரிய வசதி இது.

ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் திரையில் 'அம்மா' என்று பார்ப்பது கணினிக்குள் அம்மாவே அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் அங்கே இருக்கின்றன. அவற்றின் மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறோம், அவ்வளவே. சட்டையைக் கழற்றினால் தமிழ் போய்விடும். ஆங்கிலச் சொல்லுக்கு அதே சட்டையைப் போட்டாலோ அது தமிழாக வேஷம் கட்டிவிடும். பாமினியில் பெரிய எழுத்து கே 'மு', ஜி 'பு', எஃப் 'கு'. நான் கொடுத்த பத்தி பாணியில் பாமினி இருந்தது. பிறந்தது முபுகு!

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழை 1920களில் ஜி. அப்பாதுரையார் நம் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அன்று அச்சுக் கோத்த 'த', எந்தப் பக்கத்தில் வைத்தாலும் 'த'தான்.

அந்த உறுதியைக் கணினியில் திருப்பித் தந்தது ஒருங்குறி எனும் யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. இதில் ஒவ்வொரு எழுத்துக்கும் சொந்த எண்; சட்டை மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கோலார்' என்பதில் கொம்பு முன்னே நின்றாலும், யூனிகோடில் 'க' முதலிலும் உயிர்க்குறி பின்னும்தான் பதிவாகும். கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது பக்க வடிவமைப்பு மென்பொருளின் வேலை. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு அந்த வசதி 2012-இல், சி.எஸ்.6 பதிப்பில் வந்தது. 'வேர்ல்டு-ரெடி கம்போஸர்' என்பது அதன் பெயர். அதைத் தேர்ந்தெடுக்கும் இடம் பத்தி பாணிக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்த பாணியைத் தமிழ்ப் பத்திக்குக் கொடுத்தால், கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறலாம். பாணியைத் திருத்தினால் போதும், எழுத்து சரியாகிவிடும். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது அல்லவா?

மலர் தயாரிக்கும் இளைஞர்களுக்கு மூன்று சொல்கிறேன். முதலாவது, கட்டுரைகளை யூனிகோடிலேயே வாங்குங்கள். இரண்டாவது, தமிழுக்குத் தனிப் பாணி, உள்ளே வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தனி எழுத்துப் பாணி வையுங்கள். மூன்றாவது, கடைசிச் சொடுக்குக்குப் பிறகும் ஒரு புரூஃப் பாருங்கள். நான் தவறியது அங்கேதான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மலர்களின் ஃபிளாப்பி, சி.டி. வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். வேறெங்கும் எழுதப்படாத பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. இன்று யாராவது 'முருகன்' என்று தேடினால் அந்தக் கோப்புகளில் அகப்படமாட்டார். அங்கே அவர் கே, யு, எஃப், டி, அரைப்புள்ளியாக இருக்கிறார். மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆங்கிலச் சொற்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முபுகு மறுபடி முளைக்கும்.

அந்த நினைவுப் பக்கத்தை நானே அப்படி மாற்றி, ஒரு படி எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அப்பா பெயரையும் ஊரையும் இரண்டு முறை படித்துவிட்டு, "இப்ப சரிப்பா" என்றார்.